ஏஎம் ஆடியோ மாற்றத்துக்கு ரிக்கைக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ரிக்கை, அதாவது பேசவும் கேட்கவும் பயன்படும் செட்டை, வெளியே கொடுங்கள். என் 100 வாட் எச்எஃப் (சிற்றலை) ரிக்கை ஒரு மெக்கானிக் பாழாக்கி, கூலியையும் வாங்கிக்கொண்டார்.

நான் கேட்டது 40 மீட்டர் அலைநீளத்தில் ஏஎம் (அலையின் உயரத்தைக் குரலுக்கேற்ப ஏற்றி இறக்கும் முறை) குரல் கொஞ்சம் கனமாகவும் தெளிவாகவும் போவது. "விட்டுட்டுப் போங்கண்ணே, ரேடியோ ஸ்டேஷன் மாதிரி பேசும்" என்றார். முன்பணம் கைக்குப் போனதும் போனை எடுப்பதே நின்றது. ஆயுத பூஜை தாண்டித்தான் செட் திரும்பக் கிடைத்தது.

போட்டுப் பார்த்தால், பேசாமலே கேரியர் (குரலைச் சுமந்து போகும் அலை) 60 வாட்டில் நிற்கிறது! ஏஎம்மில் 100 சதவீத மாடுலேஷனில் (குரலை முழு அளவுக்குக் கேரியரில் ஏற்றும்போது) உச்ச பவர் கேரியரைப் போல நான்கு மடங்கு. அதனால்தான் 100 வாட் ரிக்கில் கேரியரை 25 வாட்டில் வைக்கிறோம். 60 வைத்தால் உச்சத்துக்கு 240 வேண்டும். பவர் தரும் ஃபைனல் டிரான்சிஸ்டர்கள் அதற்கு எங்கே போகும்? அலையின் தலை தட்டையாகி, குரல் கரகரத்துச் சிதறும். தேவகோட்டை நண்பர் கேட்டுவிட்டு, "சார், 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் நீங்கதான் கேக்குறீங்க, உடனே நிறுத்துங்க" என்றார். பக்கத்து அலைவரிசையைக் கெடுத்தால் பதில் சொல்ல வேண்டியது லைசென்ஸ்காரன்தான், மெக்கானிக் இல்லை.

மூடியைக் கழற்றினேன். ஏஎல்சி பிரீசெட்டில் (பவர் எல்லை மீறாமல் தடுக்கும் சர்க்யூட்டின் திருகில்) கம்பெனி வைத்த பெயிண்ட் முத்திரையைச் சுரண்டி, கடைசி வரை திருகியிருக்கிறார். மைக் ஆம்ப்பில் குரலை அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் இருந்த இடத்தில் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று, கால் நீண்டு, ஸ்லீவ் இல்லாமல், ஷீல்டில் உரசிக்கொண்டு நிற்கிறது. பேஸ் கூட்டுகிறாராம். அந்த அடித்தொண்டை ஓசை மாடுலேஷனைத் தின்னுமே தவிர, எதிராளிக்குப் பேச்சு புரிய உதவாது. மனசு ஆறாதது இன்னொன்று: வேண்டிய அலையை மட்டும் உள்ளே விடும் ஒரிஜினல் ஏஎம் ஃபில்டரைக் காணோம். கேட்டால், "அது அப்பவே போயிருந்துச்சுண்ணே" என்கிறார். கொடுக்கும்போது ரிசீவ் நன்றாகத்தான் இருந்தது.

அவர் மேசையில், அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஸ்கோப்பே கிடையாது. ஆடியோ மாற்றம் செய்கிறவர் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சுமையில்) ரிக்கைப் போட்டு, ஸ்கோப்பில் என்வலப்பை (அலையின் வெளிக்கோட்டை) காட்ட வேண்டும். பேசும்போது மேல்முனை தட்டையாகக் கூடாது, கீழே பூஜ்யத்தில் வெட்டுப்படவும் கூடாது. அதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

இப்போது அவர் வீடு வீடாகப் போய், பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த பழைய வால்வு ரேடியோக்களையும் சரிசெய்து தருவதாகக் கேட்கிறாராம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லி வையுங்கள்.