மூன்றாம் நாளே வலி போய்விட்டது, அதுதான் பிரச்சினை

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்து நாலு வருஷம் ஆகிறது. காலையில் எழுந்தால் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். தோட்டுக்குத் திருகாணி நான்தான் போட்டுவிடுவேன்.

போன தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரர் ஒரு வாட்ஸப் எண்ணைக் கொடுத்தார். மஞ்சள், சீந்தில், அமுக்கரா, குங்கிலியம் எல்லாவற்றின் சாறும் சேர்ந்த கேப்ஸ்யூலாம். மாதத்துக்கு 1,800 ரூபாய். "கெமிக்கல் ஒரு துளி கிடையாதுங்க. வீக்கத்தை இறக்கும், எதிர்ப்பு சக்தியை ஏத்தும்" என்றார் விற்றவர். இதிலேயே நான் விழித்திருக்க வேண்டும். எதிர்ப்பு சக்தி நம் மூட்டையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் முடக்குவாதம். அதைப் போய் ஏற்றிவிட்டால் வீக்கம் எப்படி இறங்கும்?

மூன்றாம் நாள் காலை அம்மா தானே திருகாணி போட்டுக்கொண்டு வந்து நின்றார். வீட்டில் ஒரே சந்தோஷம். முடக்குவாதத்துக்கு டாக்டர் கொடுத்து வாரம் ஒருமுறை போட்டுவந்த மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை அவராகவே நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதத்தில் முகம் உப்பி வட்டமானது, கைகால் மெலிந்தது. சர்க்கரையே இல்லாதவருக்கு 260 காட்டியது. விற்றவரிடம் கேட்டால், "கழிவு வெளியேறுதுங்க, இன்னொண்ணு சேர்த்துக் குடுங்க" என்றார். பயந்துபோய் அன்றைக்கே கேப்ஸ்யூலை நிறுத்தினேன். அதுவும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. நாலாம் நாள் வாந்தி, மயக்கம், பிபி 80/50.

அவசரப் பிரிவு டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, "வலிக்கு நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். காலை ரத்தத்தில் கார்டிசால், அதாவது அட்ரினல் சுரப்பி தானே சுரக்கும் ஸ்டீராய்டு, கிட்டத்தட்ட இல்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் சுரப்பி வேலையை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. அம்மாவுக்கு வேறு யாரும் ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. வலியும் வீக்கமும் சட்டென்று அடங்கும் என்பதால் மூலிகைக்குள் அதைக் கலந்து விற்பது பழைய தந்திரமாம்.

மஞ்சளில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. அதிலுள்ள குர்குமின் என்ற பொருள் வீக்கத்தைக் குறைப்பது ஆய்வகத்தில் தெரிகிறது. ஆனால் வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் அது 20 மடங்கு கூடுவதாக 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது. அப்படிக் கூடினாலும் மூன்று நாளில் மடங்காத விரலை மடக்காது. மெத்தோட்ரெக்ஸேட்டே வேலை காட்ட 6 முதல் 12 வாரம் எடுக்கும்.

அப்புறம்தான் டப்பாவை ஒழுங்காகப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிய ஸ்டிக்கர், ஒரு துளசிப் படம். உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. சித்த மருந்துக்கும் இதெல்லாம் கட்டாயம். அரசு சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "இது எங்க மருந்தே இல்லீங்க" என்றார். வாத நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்தான் சொன்னார். விற்றவர் எண்ணுக்கு இப்போது அழைப்பே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர்களே ஸ்டீராய்டைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள், மாதக்கணக்கில் ஆகுமாம். விரல்கள் பழையபடி மடங்காமல் நிற்கின்றன. திருகாணி மறுபடி என் வேலை. நேற்று போட்டுவிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: "அந்த டப்பால மிச்சம் இருந்துச்சே, தூக்கிப் போட்டுட்டியா?"