க்ரூகரா, எட்டோஷாவா? நாமே கார் ஓட்டி விலங்கு பார்க்க எது நல்லது?

ஆப்பிரிக்க சஃபாரி என்றால் ஜீப்பும் வழிகாட்டியும் இருந்தே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வாடகைக் காரை நாமே ஓட்டிப் போய்ச் சிங்கம் பார்க்கலாம். அதற்குப் பேர்போன இரண்டு தேசியப் பூங்காக்கள், தென்னாப்பிரிக்காவின் க்ரூகரும் நமீபியாவின் எட்டோஷாவும். இரண்டு நாட்டிலும் நம்மூர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: க்ரூகர் சுமார் 19,500 சதுர கி.மீ., எட்டோஷா சுமார் 22,000. ஆனால் விலங்கு பார்க்கும் விதம் நேரெதிர். க்ரூகரில் நாம் தேடிப் போகவேண்டும். எட்டோஷாவில் அவை தண்ணீருக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும்.

க்ரூகரில் முக்கியச் சாலைகள் எல்லாம் தார்ச்சாலை. வேக வரம்பு 50 கி.மீ. என்றாலும் 25-க்கு மேல் போனால் பாதியைத் தவறவிடுவோம். புதர் அடர்த்தியான காடு அது. புதரைப் பார்க்காமல் அதன் இடைவெளிகளுக்குள் பார்க்கப் பழகவேண்டும். மரங்கள் எல்லாம் நெட்டுக்கோடுகள். நடுவே படுக்கைக்கோடாக ஒன்று தெரிந்தால் அது ஒரு முதுகாக இருக்கலாம். திரும்பிய பக்கமெல்லாம் இம்பாலா மான்கள் நிற்கும். சலித்துப்போய் அவற்றைக் கடந்துவிடக் கூடாது. கூட்டமே மேய்ச்சலை நிறுத்திவிட்டு ஒரே திசையில் வெறித்தால் வண்டியை நிறுத்துங்கள்; அந்தப் பக்கம் சிறுத்தையோ சிங்கமோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை ஆற்றோரமாகப் போகும் சாலையில் பெரிய மரக்கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் சிறுத்தை கிடைக்கலாம். நாமே கண்டுபிடித்த ஒரு விலங்கு தரும் சந்தோஷம், வழிகாட்டி காட்டிய பத்துக்கு ஈடு. அதனால்தான் க்ரூகர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். தொல்லையும் உண்டு. சாலையோரம் சிங்கம் படுத்திருந்தால் கார்கள் குவிந்து வழி அடைத்துவிடும். குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. குழந்தைகளை நாள் முழுக்க உள்ளேயே உட்கார வைப்பது பெரும்பாடு.

எட்டோஷாவின் நடுவில் 4,800 சதுர கி.மீ. அளவில் வெள்ளை வெளேரென்று ஓர் உப்புப் படுகை. அதன் தெற்கு ஓரத்தில் நீர்நிலைகள். வறண்ட மாதங்களில் விலங்குகளுக்கு அவற்றை விட்டால் வேறு கதியில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருந்தால் வரிக்குதிரை, ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக் மான் என்று வந்துகொண்டே இருக்கும். யானைக் கூட்டம் வந்ததும் மற்றவை விலகி வழிவிடும். ஒட்டகச்சிவிங்கி முன்னங்கால்களை அகட்டிக் குனிவதற்கு முன் எத்தனை முறை சுற்றிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். குனிந்துவிட்டால் சட்டென்று ஓட முடியாது, அந்தப் பயம்.

எட்டோஷாவுக்கே உரியது ஒகாகுயேயோ முகாம். தங்கும் இடத்திலிருந்து நடந்து வந்து, தாழ்ந்த கற்சுவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, விளக்கொளியில் நீர்நிலையைப் பார்க்கலாம். இரவில் கறுப்புக் காண்டாமிருகம் வருவது அங்கே வழக்கம். அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு அது. குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் போகிறவர்களுக்கு இதற்கு இணையான வசதி க்ரூகரில் இல்லை.

ஆனால் எட்டோஷாவில் எருமை, நீர்யானை, முதலை மூன்றும் கிடையாது. சிறுத்தை இருந்தாலும் கண்ணில் படுவது குறைவு. சாலைகள் பெரும்பாலும் சரளை. மாற்று டயரைச் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள். பறவைகளுக்காகப் போகிறவர்கள் யோசிக்காமல் க்ரூகரையே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, முதல் முறை போகிறவர்கள் எதற்குப் போவது? ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் எட்டோஷா. அப்போது தண்ணீர் மிகக் குறைந்திருக்கும். பழகாத கண்ணுக்கும் விலங்கு தப்பாது. டிசம்பர் விடுமுறைதான் கிடைக்கும் என்றால் க்ரூகர். மழை பெய்துவிட்டால் எட்டோஷாவில் அங்கங்கே குட்டைகள் தேங்கி விலங்குகள் சிதறிவிடும். நீர்நிலையில் காத்திருந்து பயனில்லை. க்ரூகரிலும் அப்போது புதர் அடர்ந்து தேடுவது கடினம்தான். ஆனாலும் இம்பாலாக்கள் குட்டி போடும் காலம் அது. குட்டிகளைத் தேடி வேட்டை விலங்குகளும் வரும்.