விரல்ரேகைப் பயிற்சிப் பெட்டி: பவுடர் பாஸ், படிவம் ஃபெயில்

குற்றவியலும் புலனாய்வும் படிக்கிற கல்லூரி மாணவர்களுக்கென்று விற்கும் பெட்டி இது. உள்ளே கறுப்புப் பவுடர், அலுமினியம் கலந்த வெள்ளிப் பவுடர், காந்தப் பவுடர், அதற்கான காந்தக் கோல், கண்ணாடியிழை பிரஷ், ரேகை எடுக்கும் டேப், அந்த டேப்பை ஒட்டி வைக்கும் கறுப்பு, வெள்ளை அட்டைகள், ஸ்கேல், லென்ஸ், மைப்பட்டை, தடயப் பைகள், தடயம் யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்று பதியும் கஸ்டடி படிவங்கள். கூடவே ஒரு கையேடு. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லது. பிரஷ் அருமை. புதிதாக எடுக்கும்போது இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் விரிந்துவிடும். பவுடர் டப்பாவுக்குள் பிரஷை நேராக விடக் கூடாது. ஒரு தாளில் சிட்டிகையளவு கொட்டி, இழைகளின் நுனியில் மட்டும் தொட்டு, தட்டிவிட்டு, மேற்பரப்பை உரசியும் உரசாமலும் சுழற்ற வேண்டும். ரேகையின் வரிகள் தெரியத் தொடங்கியதும் அவை ஓடும் திசையிலேயே பிரஷை ஓட்டி, உடனே நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் தெளிவாகட்டும்’ என்ற ஆசையில்தான் பாதி ரேகைகள் பாழாகின்றன: பவுடர் வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் இறங்கி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். அதிகப் பவுடரைத் துடைக்கச் சுத்தமான இரண்டாவது பிரஷ் வேண்டும். பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது.

காந்தப் பவுடர் இந்தப் பெட்டியின் சிறந்த பகுதி. கோலின் முனையில் பவுடரே பிரஷ் போலத் தொங்கும். இழை எதுவும் ரேகையைத் தொடாததால் வரிகள் சிதைவதில்லை. மேலேயுள்ள குமிழை இழுத்தால் மிச்சப் பவுடர் டப்பாவிலேயே விழுந்துவிடும். பிளாஸ்டிக்கிலும் வழவழப்பான அட்டையிலும் நன்றாக வேலை செய்கிறது. இரும்பில் மட்டும் முயல வேண்டாம், பவுடர் பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். கையேட்டில் இந்த எச்சரிக்கை இல்லை. வெள்ளிப் பவுடர் கண்ணாடிக்கு நல்லது, ஆனால் பறக்கும். முகக்கவசம் இல்லாமல் திறக்காதீர்கள்.

டேப் பரவாயில்லை. சுருளிலிருந்து ஒரே இழுப்பில் உருவ வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும், அது ரேகையின் குறுக்கே போய் உட்காரும். ஒரு முனையை ஒட்டி, காற்றை விரலால் தள்ளியபடியே மறுமுனைவரை படிய வைக்க வேண்டும். டேப்பில் கை வைக்குமுன், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துக் கேமராவை நேர்செங்குத்தாகப் பிடித்துப் படம் எடுத்தாக வேண்டும். பெட்டியில் உள்ள ஸ்கேலோ பளபள பிளாஸ்டிக். ஃபிளாஷ் பட்டால் எண்களே தெரிவதில்லை.

பயிற்சிக்கு நெற்றியைத் தொட்டுவிட்டுக் கண்ணாடியில் விரல் வைப்பது எல்லோரும் செய்வது, எண்ணெய்ப் பசை இருப்பதால் எளிதில் வந்துவிடும். அதே விரலை மறுபடி எதையும் தொடாமல் ஆறு இடங்களில் வரிசையாக வையுங்கள். எந்த இடத்தில் பவுடர் கைவிடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். சாதாரணத் தாளில் பவுடரை வீணாக்க வேண்டாம். வியர்வை தாளுக்குள் ஊறிவிடும், அதற்கு நின்ஹைட்ரின் போன்ற ரசாயனமும் காற்றை வெளியேற்றும் வசதியுள்ள ஆய்வகமும் தேவை. ‘எல்லாப் பரப்புக்கும் ஏற்றது’ என்று மூடியில் அச்சிட்டிருப்பது விளம்பரம்.

இனி குறைகள். அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. எடுத்தவர் பெயர், தேதி, நேரம், எந்தப் பொருளில் எந்த இடம், மேல்பக்கம் எது என்ற அம்புக்குறி இவற்றுக்கு இடம் அச்சிட்டிருக்க வேண்டும். அம்புக்குறி இல்லாவிட்டால், டம்ளரைக் குடிக்கத் தூக்கினாரா, கவிழ்த்து வைத்தாரா என்று பிறகு சொல்ல முடியாது. கஸ்டடி படிவத்தில் கைமாற்றத்துக்கு இரண்டே வரிகள். எடுத்தவர், காவலர், ஆய்வக வரவேற்பு, நிபுணர் என்று போனாலே இடம் தீர்ந்துவிடும். குறுக்கு விசாரணையில் ஓட்டை தேடுகிற வழக்கறிஞர் முதலில் புரட்டுவது இந்தத் தாளைத்தான். பைகள் எல்லாமே பிளாஸ்டிக். ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு அதில் போட்டால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ கெடும். உலர்த்திக் காகிதப் பையில் போடுவதே முறை.

கையேட்டின் பெரிய தவறு ஒப்பீட்டுப் பகுதியில். ‘12 புள்ளிகள் பொருந்தினால் ஒரே ஆள்’ என்று அடித்துச் சொல்கிறது. (புள்ளிகள் என்பது ரேகை வரிகள் முடியும், கிளைபிரியும் இடங்கள்.) உலகம் முழுக்கச் செல்லும் அப்படி ஒரு எண் கிடையாது. இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் 16 புள்ளி விதியை 2001-ல் கைவிட்டன. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், டெட்டனேட்டர்கள் இருந்த பையில் கிடைத்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்பிஐ நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். சரிபார்த்தவர்களும் ஆமோதித்தார்கள். ஸ்பெயின் போலீசார் அது வேறொருவருடையது என்று கண்டுபிடித்த பிறகுதான், கைதாகியிருந்த மேஃபீல்டு விடுதலையானார். வகுப்பில் இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு: கிடைத்த ரேகையின் அம்சங்களை முதலில் தனியாகக் குறித்து முடித்துவிட்டு, அதன் பிறகே சந்தேக நபரின் அட்டையைத் திறப்பது, சரிபார்ப்பவரிடம் முதல் முடிவைச் சொல்லாமலே கொடுப்பது.

வாங்கலாமா? பவுடர், கோல், பிரஷுக்காக வாங்கலாம், நான்கு பேர் குழுவுக்கு ஒன்று போதும். இன்னொரு பிரஷ், பளபளக்காத ஸ்கேல், காகிதப் பைகள் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைமாற்றத்துக்கு எட்டு வரியாவது உள்ள படிவத்தை நீங்களே அச்சடித்துக்கொள்ளுங்கள்.