வால்கிரிண்ட்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

கிருஷ்ணகிரியில் எடை மேடைகளுக்கு சி மொழியில் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். நிரல் நினைவகத்தைத் தப்பாகக் கையாளுகிறதா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்லும் கருவி வால்கிரிண்ட். அதை என்னைக் கையில் எடுக்க வைத்தது ஒரு மாம்பழ சீசன்.

மாங்கூழ் ஆலை ஒன்றில் பெங்களூரா ரக மாம்பழ லோடு இறங்கும்போது கழிவு போக நிகர எடை அச்சாக வேண்டும். காலையில் எல்லாம் சரியாக வரும், மதியத்துக்கு மேல் எப்போதாவது ஒரு சீட்டில் கழிவு தாறுமாறாக ஏறி நிற்கும். "தம்பி, என் டெம்போவுல 600 கிலோ கழிவா?" என்று ஒரு விவசாயி சீட்டை நீட்டினார். அவருடைய காசு அது, எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஆபீசில் நாலு வண்டியின் பதிவைப் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் அதே நாலு வண்டியை வால்கிரிண்டில் நினைவகத்தைச் சோதிக்கும் பகுதியான மெம்செக்கில் ஓட்டியதும், மதிப்பே எழுதாத ஒன்றை நம்பி ஒரு இஃப் நிபந்தனை முடிவெடுக்கிறது என்று வரி எண்ணோடு சொல்லிவிட்டது. அந்த வரியில் தப்பு எதுவும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்: மெம்செக் ஒவ்வொரு பிட்டுக்கும் அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கணக்கு வைக்கிறது, ஆனால் எழுதாத இடத்தில் கிடக்கும் குப்பையை இங்கிருந்து அங்கே காப்பி செய்தால் வாயே திறக்காது, அதை வைத்து நிரல் கிளை பிரியும்போதுதான் கத்தும். அப்புறம் அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்று தேடும் ட்ராக் ஆரிஜின்ஸ் ஆப்ஷனைப் போட்டு ஓட்டினேன், வண்டி விவரத்துக்கு நான் மாலாக் செய்து நினைவகம் வாங்கிய இடத்தைக் காட்டியது. கழிவு இல்லாத வண்டிக்கு அந்த இடத்தில் நான் எதுவுமே எழுதவில்லை. காலையில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதிதாகக் கொடுக்கும் நினைவகப் பக்கங்களில் பூஜ்யம்தான் இருக்கும். மதியம் ஷிஃப்ட் மாறும்போது பழைய பட்டியலின் நினைவகத்தை ஃப்ரீ செய்து விடுவித்ததும் அதே இடம் திரும்பக் கிடைக்கிறது, காலையில் வந்த ஏதோ ஒரு லாரியின் கழிவு அதில் அப்படியே கிடக்கிறது.

குறை என்றால் வேகம். 20, 30 மடங்கு மெதுவாக ஓடுவதால் எடையைக் காட்டும் இண்டிகேட்டரோடு நேரடியாக இணைத்து ஓட்ட முடியாது, பதிவு செய்த ஃபைலிலிருந்துதான் ஊட்டுகிறேன். இதே வேலைக்கு கிளாங் கம்பைலரில் இருக்கும் மெமரி சானிடைசர் சுமார் 3 மடங்குதான் மெதுவாகும், ஆனால் லைப்ரரிகளையும் அதோடு சேர்த்து கம்பைல் செய்ய வேண்டும். என் பிரிண்டர் லைப்ரரி மூல நிரல் இல்லாமல் பைனரியாகத்தான் வருகிறது, அதனால் பொய் எச்சரிக்கை கொட்டுகிறது.

எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளாமல் வாயடைக்காதீர்கள். 2006ல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரிக்கு இப்படி வந்த எச்சரிக்கையை நிறுத்த வரிகளை எடுத்துவிட்டார்கள், 2008 வரை அந்த லைப்ரரியால் அங்கே உருவான ரகசியச் சாவிகள் எல்லாம் ஊகிக்கக்கூடியவையாகப் போயின. நானும் முதலில் இடம் முழுக்க பூஜ்யம் நிரப்பும் மெம்செட் போட்டு மூடத்தான் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு மார்ச்சிலும், சீசன் தொடங்கும் முன், போன வருடத்து எடைப் பதிவு முழுவதையும் ராத்திரி மெம்செக்கில் ஓட விட்டுத்தான் ஆலைக்குப் புதிய பதிப்பு கொடுக்கிறேன்.