'எல்லாம் செட் பண்ணியாச்சு சார்': என் மூணு விரலைப் பதம் பார்த்த ஆர்சி விமானம்

ஆறு வாரம் இடது கையில் கட்டு. அதனால்தான் இதை எழுத இவ்வளவு நாள். கட்டு அவிழ்த்தாயிற்று, நடுவிரல் மட்டும் முழுசாக மடங்க மாட்டேன் என்று இன்னும் அடம்பிடிக்கிறது. பிள்ளைகளுக்கு ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் பறக்கிற குட்டி விமானம் வாங்க ரிச்சி தெருப் பக்கம் போகப்போகிற அப்பாக்களும் மாமாக்களும் பணத்தை நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அக்கா பையன் பிளஸ் டூ முடித்தான். ஏரோநாட்டிகல் படிக்க வேண்டும், குரோம்பேட்டை எம்ஐடியில் சீட் கிடைக்க வேண்டும் என்று ரெண்டு வருஷமாக ஒரே பேச்சு. மார்க்கும் வந்தது. "என்னடா வேணும்?" என்று கேட்டேன். "ஆர்சி பிளேன் மாமா. பொம்மை இல்ல, நிஜமாவே பறக்கிறது" என்றான். எனக்கு இந்த விஷயத்தில் அரிச்சுவடியே தெரியாது. தெரியாதவன் என்பதால்தான் தனித்தனியாகப் பாகம் வாங்கி ஒட்டுகிற வேலை வேண்டாம், தயார் நிலையில் இருப்பதையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் சொல்லவில்லை. 1.2 மீட்டர் இறக்கை, ஃபோம் உடம்பு, மூக்கில் 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுற்று) மோட்டார், 10 அங்குல ப்ரொப்பெல்லர், 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஆறு சேனல் ரிமோட். மொத்தம் 14,500 ரூபாய். ரிமோட் பெட்டியின் சீல் கிழிந்திருந்தது. கேட்டதற்கு, "உங்களுக்கு செட் பண்றதுக்காகத்தான் சார் பிரிச்சோம். ரிமோட்டையும் பிளேனையும் இணைக்கிற பைண்டிங், ஃபெயில்சேஃப், எல்லாம் செட் பண்ணியாச்சு. வீட்டுக்குப் போய் பேட்டரியைச் சொருகினா போதும்" என்றார். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், எஸ்டிமேட் தர்றேன்" என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. நாலு காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். என் முதல் முட்டாள்தனம் அது. இரண்டாவது வீட்டில் நடந்தது.

கடையில் கல்லா மேஜை மேலேயே ப்ரொப்பெல்லர் மாட்டிய நிலையில் பேட்டரியைச் சொருகி, இறக்கை வால் எல்லாம் ஆட்டிக் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் அதையே செய்வது தப்பு என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்? பெரம்பூர் வீடு, ஞாயிற்றுக்கிழமை மதியம். பேட்டரி சொருகினோம், பீப் பீப் என்றது. ரிமோட்டின் குச்சியை ஆட்டினால் வாலில் இருக்கிற எலிவேட்டர் மடல் ஆடியது, ரட்டர் மடல் ஆடியது. பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. "சரி மாமா, சாயங்காலம் கிரவுண்டுக்குப் போலாம்" என்று ரிமோட்டை ஆஃப் செய்தான்.

ஒரு வினாடி ஒன்றும் இல்லை. அடுத்த வினாடி மோட்டார் தானாகச் சுழன்று, விமானம் மேஜை மேல் என்னைப் பார்த்துப் பாய்ந்தது. மேஜையிலிருந்து எது விழுந்தாலும் கை தானாகத்தானே நீளும்? டம்ளருக்கு நீள்வது போல நீண்டது.

இதை இன்னொரு தடவை சொல்கிறேன். ரிமோட்டை *அணைத்ததும்* மோட்டார் ஓடியது. குச்சி அடியில்தான் இருந்தது, யாரும் தொடவில்லை. பையன்தான் சட்டென்று ரிமோட்டைத் திரும்ப ஆன் செய்தான், தொடர்பு கிடைத்ததும் மோட்டார் நின்றது. அந்தச் சமயோசிதம் அவனுக்கு இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்னமும் தெம்பில்லை. கரண்டில் ஓடும் மோட்டார் எதிலாவது இடித்தால் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிற்காது. தடை வந்தால் பேட்டரியிலிருந்து இன்னும் அதிகமாகக் கரண்டை இழுத்துக்கொண்டு சுற்றத்தான் பார்க்கும். எரிபொருளில் ஓடும் பழைய குட்டி விமான எஞ்சினாவது சில சமயம் அடைத்து நின்றுபோகும். இது அப்படியில்லை.

ஆள்காட்டி, நடு, மோதிர விரல். நடுவிரலில் தசைநாண் பாதி அறுபட்டிருந்தது. மூன்றிலும் சேர்த்துப் பதினொரு தையல். ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தில் ஒரு கை காப்பித்தூளை அள்ளி அப்பிவிட்டார். மருத்துவமனையில் தையல் போட்ட நேரத்தைவிட அந்தத் தூளைக் கழுவி எடுத்த நேரம் அதிகம், வலியும் அதில்தான். தயவுசெய்து காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட்டு, ஆட்டோ பிடியுங்கள்.

வருஷக்கணக்காகக் கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் வார இறுதியில் விமானம் விடுகிற ஒருவரை நண்பர் மூலமாகப் பிடித்தேன். வீட்டுக்கு வந்தவர் முதலில் செய்த காரியம், பையிலிருந்து ஸ்பானரை எடுத்து ப்ரொப்பைக் கழற்றி என் கையில் கொடுத்ததுதான். "இது மாட்டியிருக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ள பேட்டரி சொருகக் கூடாது தம்பி. முடிஞ்சது." அப்புறம் ரிமோட்டின் மெனுவுக்குள் போனார். மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'குவாட்' என்று இருந்தது. அவர் சிரித்தார். எனக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைப்பதுதான் ஃபெயில்சேஃப். இந்த வகைக் குட்டி விமானத்தில் சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டும். அதாவது மோட்டார் வேகத்தை ஆளுகிற மூன்றாம் சேனலான த்ராட்டில், மைனஸ் 100-இல் இருக்க வேண்டும். எங்கள் ரிமோட்டில் அது பிளஸ் 20 என்று இருந்தது. மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை போகிற அளவுகோலில் அது அறுபது சதவீத வேகம். குவாட் என்றால் நாலு மோட்டார் ட்ரோன்; அதைக் கட்டுகிறவர்களில் சிலர், சிக்னல் போனால் கல் மாதிரி விழாமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே இப்படி நடுவில் வைப்பது உண்டாம். ஆக, யாரோ ட்ரோனுக்குப் பயன்படுத்திய பழைய ரிமோட்டையும் ரிசீவரையும் துடைத்துப் பெட்டியில் போட்டு, புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பழைய செட்டிங்கை அழிக்கக்கூட இல்லை. 'எல்லாம் செட் பண்ணியாச்சு' என்பது ஒரு வகையில் உண்மைதான், வேறு எவனுக்கோ செட் பண்ணியது.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆன் செய்யும்போது ரிமோட் முதலில், பேட்டரி பிறகு. நிறுத்தும்போது பேட்டரி முதலில், ரிமோட் கடைசியில். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஆனால் அதே தப்பை வீட்டில் செய்யாமல் போயிருந்தாலும், மைதானத்தில் ரேஞ்ச் விட்டுப் போன நொடியில் அந்த விமானம் மோட்டார் நிற்காமல் அதே அறுபது சதவீத வேகத்தோடு யார் தலைக்கோ போயிருக்கும். இதைச் சோதிக்க ரெண்டு நிமிஷம் போதும்: ப்ரொப்பைக் கழற்றிவிட்டு, த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி மோட்டாரை ஓட விட்டு, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நின்றால் சரி. ஓடிக்கொண்டே இருந்தாலோ வேகம் பிடித்தாலோ அது வீட்டுக்கு வரவே கூடாது. கடையிலேயே, அவர்கள் கையாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். கூடவே த்ராட்டில் ஹோல்டை ஒரு சுவிட்சில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தச் சுவிட்ச் போட்டிருந்தால் குச்சி தெரியாமல் சட்டையில் மாட்டி ஏறினாலும் மோட்டார் அசையாது.

கழற்றிய ப்ரொப்பைத் திருப்பிப் பார்த்தவர் இன்னொன்று சொன்னார். அதில் 10x4.7 என்றும் (முதல் எண் அங்குலத்தில் விட்டம்) பக்கத்தில் எஸ்எஃப், அதாவது ஸ்லோ ஃப்ளையர் என்றும் இருந்தது. மெதுவாகச் சுற்றுவதற்கென்று மெல்லிசாக வார்த்த வகையாம். ஏபிசி என்கிற அமெரிக்க ப்ரொப் கம்பெனி தன் ஸ்லோ ஃப்ளையர் வகைக்குக் கொடுக்கும் கணக்கு, 65,000-ஐ அங்குல விட்டத்தால் வகுப்பது. 10 அங்குலத்துக்கு நிமிஷத்துக்கு 6,500 சுற்றுதான் உச்சம். என்னுடையது அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல். 1000 கேவி மோட்டாருக்கு 3 செல் பேட்டரியின் 11.1 வோல்ட்டைக் கொடுத்தால் சும்மா சுற்றும்போது 11,100. ப்ரொப் மாட்டிய பாரத்தில் முக்கால்வாசி என்று வைத்தாலும் 8,000 தாண்டும். அந்த வேகத்தில் ப்ரொப்பின் முனை மணிக்கு 380 கிலோமீட்டரில் போகிறது. நகம் பட்டால் வளைகிற பிளாஸ்டிக்! அடிப்பகுதியில் ஏற்கனவே வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அது பிய்த்துக்கொண்டு பறந்தால் சுழல்கிற தளத்தில், அதாவது பக்கவாட்டில்தான் பறக்கும். அதனால் மைதானத்தில் மோட்டாரை ஏற்றும்போது முன்னாலும் நிற்கக் கூடாது, பக்கத்திலும் நிற்கக் கூடாது, பின்னால்தான். ஒருவர் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீறல் விழுந்த ப்ரொப்பை ஃபெவிக்விக் வைத்து ஒட்டுகிற நம் ஊர்ப் புத்தியும் இங்கே வேண்டாம், ஒடித்துக் குப்பையில் போட வேண்டும்.

கட்டுக் கையோடு கடைக்குப் போனேன். முதலில் "அச்சச்சோ" என்றார். ரிமோட்டை எடுத்து 'குவாட்' என்று இருந்ததைக் காட்டியதும் முகம் மாறியது. "டெஸ்ட் பண்ணும்போது ப்ரொப்பைக் கழட்டணும், அது பேசிக் சார். தெரியாம ஏன் வாங்குறீங்க?" என்றார். கல்லா மேஜை மேலேயே மாட்டி ஓட்டிக் காட்டியவர் அவர். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "யூஸ் பண்ணிட்டீங்களே சார்" என்றார். அந்த விமானம் தரையிலிருந்து ஓர் அங்குலம்கூட எழவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பெரிய மனசு பண்ணி, "ப்ரொப்பை வேணா ஃப்ரீயா மாத்தித் தர்றேன்" என்றார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். துண்டுச் சீட்டின் படம், யுபிஐயில் பணம் போன விவரம், ரிமோட் திரையின் படம், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் இணைத்தேன். பணம் போனது கடைக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒருவர் பெயரில். இதையும் கவனியுங்கள், க்யூஆர் அட்டையில் வரும் பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள். கடையிலிருந்து பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள் போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முறையான பில் இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கப் போன வாரம் மறுபடி அந்த மாடி ஏறினேன். கல்லா மேஜை மேல் வேறொரு விமானம், ப்ரொப் மாட்டி, பேட்டரி சொருகி. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மூக்குக்கு நேராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, இந்தப் பக்கம் பின்னால வா" என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். அவன் அப்பா என் விரல்களைப் பார்த்தார். கடைக்காரர் நோட்டீஸைப் பிரிக்காமலேயே, "சார், வியாபார நேரத்துல வந்து ஏன் சார்..." என்றார்.