ரூகர் ஜிபி100: முதல் ரிவால்வர் வாங்குவோர் கவனத்துக்கு

உரிமம் கைக்கு வந்ததும் முதல் ரிவால்வரைத் தேடும் புதியவர்கள் பலர், கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று இரண்டு அங்குலக் குழல் கொண்ட இலகுவான துப்பாக்கியில் மனம் வைக்கிறார்கள். சுடக் கற்றுக்கொள்வதற்கு அது ஏற்றதல்ல. எடை குறையக் குறையக் கையில் உணரும் பின்னுதைப்பு கூடும். குறி பார்க்கக் குழலின் முன்னும் பின்னும் உள்ள முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையிலுள்ள தூரம் சுருங்கச் சுருங்க, குறி பார்ப்பதில் நேரும் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். நான் பயன்படுத்திவரும், ரூகர் நிறுவனத்தின் ஜிபி100 ரிவால்வர் இந்த இரண்டு சிக்கலையும் தன் உருவத்தாலேயே குறைத்துவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகில், 4.2 அங்குலக் குழலும் ஆறு தோட்டா அறைகளும் கொண்ட மாடலைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

அதே நிறுவனம் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்த செக்யூரிட்டி சிக்ஸ் ரிவால்வர் வரிசைக்கு அடுத்தபடியாக 1985இல் இந்தத் துப்பாக்கி அறிமுகமானது. தோட்டா இல்லாமல் இதன் எடை சுமார் 1.13 கிலோ. நெளிவு சுளிவுகளில் அழகு பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் முரட்டு உருவமாகவே தோன்றும். ஆனால் அந்த முரட்டுத்தனத்துக்குள் கவனமான வடிவமைப்பு இருக்கிறது. தோட்டா அறைகள் கொண்ட சுழலும் உருளைதான் சிலிண்டர்; மூடிய சிலிண்டரை முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பிடித்து நிறுத்தும் பூட்டுகள் இருக்கின்றன. சுடும் நேரத்தில் சிலிண்டர் சுழலாதபடி அடியிலிருந்து ஒரு கொக்கியும் பிடித்துக்கொள்கிறது. உட்பாகங்களை எடுப்பதற்கென்று சட்டகத்தின் பக்கவாட்டில் திறக்கும் மூடி கிடையாது. டிரிகர் தொகுதி முழுவதும் கீழ்வழியாக ஒரே துண்டாகக் கழன்று வருவதால், சட்டகம் இருபுறமும் முழுமையான எஃகாகவே இருக்கிறது. டிரிகரை முழுவதும் இழுத்தால் மட்டுமே பின்னாலுள்ள சுத்தியலான ஹேமரின் அடியை, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசிக்குக் கடத்தும் தகடு மேலெழும் என்பதால், தவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடுமோ என்ற அச்சத்துக்கும் பெரிதும் இடமில்லை.

இதை வாங்குவதற்கு வலுவான காரணம் தோட்டாவில்தான் இருக்கிறது. ஜிபி100 .357 மேக்னம் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது, அதே அறையில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். இரண்டின் குண்டும் ஒரே விட்டம் கொண்டவை. வெடிமருந்து அடங்கிய உறை மட்டும் மேக்னத்துக்கு ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர் கூடுதல் நீளம். 1930களில் மேக்னத்தை உருவாக்கியபோது, பழைய .38 துப்பாக்கிக்குள் அது நுழைந்துவிடக்கூடாது என்பதற்காகவே உறையை நீட்டினார்கள். ஆகவே .38 துப்பாக்கியில் .357 தோட்டாவைப் போட முயல்வது கூடவே கூடாது. புதிதாகச் சுடுபவர் முதல் சில மாதங்கள் 158 கிரெயின், அதாவது சுமார் 10.2 கிராம் குண்டு கொண்ட சாதாரண .38 தோட்டாக்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இந்த எடையுள்ள துப்பாக்கியில் அதன் உதைப்பு மென்மையானது. வெடிச் சத்தத்துக்கு முன்பே கண் சிமிட்டிக் கையைத் தாழ்த்தும் பழக்கம் ஒட்டிக்கொள்வதற்கான வாய்ப்பும் குறைவு. மேக்னத்தின் சத்தம் வேறு ரகம். காதுக்குள் செருகும் அடைப்பானோடு மேலே மாட்டும் மஃப்பும் சேர்ந்தே வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

டிரிகர்தான் பலருக்கும் குறையாகப் படும். ஹேமரைப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் நேரடியாகச் சுடும்போது இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கிறது. விலை உயர்ந்த போட்டித் துப்பாக்கிகளின் வழவழப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஹேமரை இழுத்து வைத்து மெல்லிய இழுப்பில் மட்டுமே சுட்டுப் பழகியவர்கள் ரிவால்வரைப் பாதிதான் கற்றவர்கள் என்பது என் எண்ணம். இந்தக் கனமான இழுப்பைச் சீராக, நடுவில் நிறுத்தாமல், முன்சைட் அசையாமல் முடிக்கப் பழகுவதே உண்மையான பயிற்சி. அதற்குத் தோட்டா செலவழிக்க வேண்டியதும் இல்லை. தோட்டாக்களை வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரின் ஆறு தோட்டா அறைகளும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, பாதுகாப்பான சுவரை நோக்கி வெறுமனே இழுத்துப் பழகலாம். இந்த மாடலில் அப்படிச் செய்வதால் ஊசிக்குக் கேடில்லை. .22 துப்பாக்கிகள் பலவற்றில் ஊசி அறையின் விளிம்பில் மோதக்கூடும் என்பதால், அவற்றுக்கு இதே அறிவுரை பொருந்தாது.

பிடிக்கும் முறையில் ஒன்றை மறக்கக்கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி வழியாக ஒவ்வொரு முறையும் சூடான வாயுவும் உலோகத் துகளும் பக்கவாட்டில் சீறி வெளியேறும். அந்த இடத்துக்கு நேராகவோ அதற்கு முன்னாலோ விரல் நீளக்கூடாது.

பராமரிப்பைப் பொறுத்தவரை, வெளிப்புறம் பளபளக்கத் துடைப்பதில் நேரத்தைச் செலவிடுபவர்கள், கவனிக்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த இடம், வெற்று உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடிப்பாகம். எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்றிரண்டு அங்கே மாட்டிக்கொண்டாலே தகடு சரியாகப் படியாது. சிலிண்டர் மூட மறுக்கும், அல்லது மூடியபின் இறுக்கமாகச் சுழலும், டிரிகர் திடீரென்று கனக்கும். துப்பாக்கி பழுதாகிவிட்டது என்று பதறுவதற்கு முன், தோட்டாக்களை எடுத்துவிட்டுத் தகட்டை வெளியே தள்ளி, உலர்ந்த பல் துலக்கும் பிரஷால் அதன் அடியையும் அது அமரும் குழியையும் துடைத்துப் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் விடவே கூடாது. அடுத்த முறை விழும் துகளை அது பசைபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறைகளை வெளியேற்றும்போது குழலை மேல்நோக்கி நிமிர்த்தி, தகட்டைத் தள்ளும் தண்டை ஒரே அழுத்தாக அழுத்தினால் துகள்கள் பெரும்பாலும் உறையோடு சேர்ந்து கீழே விழுந்துவிடும்.

அடுத்து சிலிண்டரின் அறைகள். நீளம் குறைந்த .38 தோட்டாவையே தொடர்ந்து சுட்டால், அதன் வாய் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பின்பு .357 தோட்டா உள்ளே போக மறுப்பது இதனால்தான். கரி நீக்கும் திரவமான சால்வென்ட் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, வெண்கல பிரஷால் தேய்த்தால் போகும். குழலை முன்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால், குழல்வாயின் விளிம்பில் சுத்தம் செய்யும் கம்பி உரசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விளிம்பு தேய்ந்தால் குறி கெடும். சிலிண்டரின் முகத்தில் படியும் கறுப்பு வளையங்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வேலை முடிந்ததும் அறைகளில் எஞ்சிய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு, ஈயம் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வேறெதையும் தொட வேண்டும்.

திரையில் பார்ப்பதுபோல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடுவது, அதைச் சட்டகத்தோடு இணைத்துத் தாங்கும் உலோகக் கையை வளைத்துவிடும். துப்பாக்கியைத் தோல் உறையிலேயே வைத்து அலமாரியில் பூட்டுவதும் வேண்டாம். தோல் ஈரத்தை இழுக்கும், துருப்பிடிக்காத எஃகிலும் நாளடைவில் புள்ளி விழும்.

பழைய துப்பாக்கியாக வாங்குபவர்கள், காலி என்று உறுதி செய்தபின், சிலிண்டரில் விரலை இலேசாக வைத்துத் தடுத்துக்கொண்டே ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கலாம். ஹேமர் நிற்கும் நிலைக்கு வருவதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். பிறகு, இழுத்து நிறுத்திய ஹேமரைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளினால் அது நழுவக்கூடாது. குழலின் பின்வாயில் விரிசலோ ஆழமான அரிப்போ இருக்கிறதா என்று சிறு விளக்கடித்துப் பார்ப்பதும் அவசியம். இவற்றில் ஒன்று தவறினாலும், விற்பவர் விலையை எவ்வளவு இறக்கினாலும் நான் வாங்க மாட்டேன்.