ஸ்பைனோசாரஸா, கார்க்கரோடொன்டோசாரஸா? முதல் பெரிய பல் வாங்குவதற்கு முன்

பெரிய ஊனுண்ணி டைனோசரின் பல் ஒன்று வாங்க நினைப்பவர் கண்ணில் முதலில் படுபவை மூன்று: மொராக்கோவின் கெம் கெம் படிவுகளிலிருந்து வரும் ஸ்பைனோசாரஸ், கார்க்கரோடொன்டோசாரஸ், அமெரிக்காவின் ஹெல் க்ரீக் படிவுகளிலிருந்து வரும் டைரனோசாரஸ் ரெக்ஸ். என் தேர்வு கார்க்கரோடொன்டோசாரஸ். காரணம் அழகு அல்ல, விலையும் அல்ல. கையில் இருப்பது முழுக்க ஒரே பல்தானா என்பதை அதில்தான் ஓரளவு உறுதியாகப் பார்த்துவிட முடிகிறது.

டி. ரெக்ஸை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒரு முழு கார்க்கரோடொன்டோசாரஸ் பல்லுக்கு ஆகும் பணத்தில் பெரும்பாலும் உடைந்த நுனியோ விளிம்புத் துண்டோதான் கிடைக்கும். தனியார் நிலத்தில் எடுத்ததை அங்கே சட்டப்படி விற்கலாம். கூட்டாட்சி அரசு நிலத்தில் முதுகெலும்பி எச்சங்களை அனுமதியின்றி எடுப்பதை 2009ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே எந்தப் பண்ணை நிலத்தில் எடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். இந்தப் பற்களில் எனக்குப் பழக்கம் குறைவு. கீழே சொல்லும் சோதனைகளை இவற்றுக்கு அதே உறுதியோடு சொல்லமாட்டேன். ‘ஆசிய டி. ரெக்ஸ்’ என்று மலிவாக வரும் மங்கோலிய டார்போசாரஸ் பக்கமே போக வேண்டாம். 2012இல் நியூயார்க்கில் ஏலம் போன ஒரு முழு எலும்புக்கூடே, சட்டவிரோதமாகக் கடத்தி வரப்பட்டது என்பதால், மறு ஆண்டு மங்கோலியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

ஸ்பைனோசாரஸ் மலிவு. கெம் கெமில் ஓரிடத்தில் சேகரித்த 1,200க்கும் மேற்பட்ட பற்களில் ஏறத்தாழ 45 சதவீதம் ஸ்பைனோசாரஸுடையவை என்று 2020இல் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. பல் கூம்பு வடிவம். நெடுக்காக மெல்லிய வரிகள் ஓடும். விளிம்பில் ரம்பப்பல் கிடையாது. சிக்கல் அந்தக் கூம்பில்தான் இருக்கிறது. ஒரு பல்லின் நுனியையும் இன்னொன்றின் அடியையும் ஒரே பருமனுக்குத் தேய்த்து ஒட்டிவிடலாம். ஒட்டிய இடத்தில் பசையோடு செம்மணலைக் குழைத்துப் பூசினால், பாறை ஒட்டிக்கொண்டிருப்பது போலவே தெரியும். பல்லின் நடுவில் மட்டும் வளையம் போல மணல் இருந்தால் வாங்காதீர்கள். வளையத்துக்கு மேலும் கீழும் வரிகளை 10 மடங்கு லென்ஸில் எண்ணிப் பாருங்கள். ஒரே பல் என்றால் கோடுகள் நேராகத் தொடரும். நீண்ட வேரோடு வருவதையும் சந்தேகியுங்கள். தானாக உதிர்ந்த பல்லில் வேர் கரைந்து போயிருக்கும், அடி குழிந்திருக்கும். கெம் கெம் பற்களில் பெரும்பாலானவை அப்படி உதிர்ந்தவையே.

கார்க்கரோடொன்டோசாரஸ் பல் தட்டையான கத்தி. வெள்ளைச் சுறாவின் பேரினப் பெயரான கார்க்கரோடொன் என்பதிலிருந்து வந்த பெயர் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. இரண்டு துண்டை ஒட்ட வேண்டுமானால் இரு முகத்தின் வளைவும், இரு விளிம்பின் ரம்பமும் ஒருசேரப் பொருந்த வேண்டும். கூடவே விளிம்பை ஒட்டி எனாமலில் வில் போல வளைந்த சுருக்கங்கள் உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நீரலை போல எழுந்து நிற்கும். இவற்றைப் போலியாகச் செய்வது கடினம். விற்பவரிடம் இந்தச் சாய்வு வெளிச்சப் படத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதிலும் ஏமாற்று இல்லாமல் இல்லை. நுனியைப் பிசினில் வார்ப்பார்கள். தேய்ந்த ரம்பத்தை அரத்தால் மீண்டும் வெட்டுவார்கள். இயல்பான ரம்பப்பல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலம், தலை உருண்டு, எனாமலின் பளபளப்போடு இருக்கும். அரம் போட்டது ‘வி’ வடிவப் பள்ளமாக, உள்ளே மங்கலாகத் தெரியும். பிசினில் லென்ஸ் வைத்தால் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ்கள் அகப்படும். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைப் பிடித்தால், பசையும் பூச்சும் பெரும்பாலும் சுற்றியுள்ள எனாமலிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். கடைசியாக, சந்தேகமான இடத்தில் மட்டும் அசிட்டோன் நனைத்த பஞ்சுக்குச்சி: நிறமோ மணலோ பஞ்சில் ஒட்டினால் அது பூச்சு. பல் முழுவதையும் அசிட்டோனில் முக்கிவிடாதீர்கள். விரிசலைத் தாங்கிப் பிடித்திருக்கும் நேர்மையான பசையும் சேர்ந்து கரைந்துவிடும்.

தன் துண்டுகளையே சேர்த்து ஒட்டிய பல் மோசடி அல்ல. ஓர் ஒட்டு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். மறுவிற்பனையில் அடிவாங்குவது வார்த்த நுனியும் வெட்டிய ரம்பமும்தான். ஆகவே நுனி வார்த்த 9 செ.மீ. பல்லையும், இரு விளிம்பும் முழுதாக உள்ள 6 செ.மீ. பல்லையும் ஒரே விலைக்கு வைத்தால், சிறியதை எடுங்கள். அதே நீள ஸ்பைனோசாரஸைவிடப் பல மடங்கு விலை என்பது உண்மைதான். பெரிய பல் ஒன்று மேசையில் இருந்தால் போதும் என்பவருக்கு ஸ்பைனோசாரஸே சரி.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, வெயில் படும் சன்னலோரம் கூடாது. மயிரிழை விரிசலுக்கு அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைச் சொட்டினால் போதும். கெம் கெமில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பைனோசாரிட் (ஸ்பைனோசாரஸ் குடும்பத்து) இனங்கள் இருந்தனவா என்ற விவாதம் முடியாததால், ஸ்பைனோசாரஸ் பல்லோடு வைக்கும் பெயர்ச்சீட்டில் ‘ஸ்பைனோசாரிட்’ என்று எழுதுவதே நேர்மை. ஒட்டு எங்கே இருக்கிறது என்பதையும், அதன் புற ஊதாப் படத்தையும் அந்தச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.